பாதுகாப்பான தடுப்பூசி, ஆனால் யாருக்கு? கன்று வீச்சு நோயின் நூறு வருசக் கதை

கொஞ்ச நாளைக்கு முதல் எங்கட வாசிப்பு வட்டத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. வெளிநாட்டில் எங்கேயோ பண்ணை வைத்திருக்கிற ஒருவர், மடியிலிருந்து கறந்த பாலைக் காய்ச்சாமல் அப்படியே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இதுதான் உயிருள்ள பால், கடையில் விற்கிறது செத்த பால் என்று சொல்கிறார். எங்கட ஆக்களே கீழே இதயம் போட்டிருந்தார்கள். கால்நடை மருத்துவம் படிக்கிற தோழி ஒருத்தி மட்டும் "புரூசெல்லா எண்டு ஒருக்கா தேடிப் பாருங்கோ" என்று ஒரு வரி போட்டாள். தேடினோம். நோயைப் பற்றி வாசிக்கப் போய், அந்த நோய்க்கு மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் போடுகிற தடுப்பூசியின் கதைக்குள் விழுந்துவிட்டோம். அதை வாசித்து முடித்தபோது எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. அந்தச் சண்டையின் மிச்சம்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைச் சொல்லிவிடுவோம். புரூசெல்லோசிஸ் வந்த மாடு பெரும்பாலும் சாகாது. பார்க்க நல்லாத்தான் இருக்கும், தின்னும், நடக்கும். ஆனால் சினைப்பட்டுப் பாதி மாதம் தாண்டிய பிறகு ஒரு நாள் கன்றை வீசிவிடும். பாலும் குறையும். வீசின கன்றிலும் இளங்கொடியிலும் அந்தத் தண்ணீரிலும் கோடிக்கணக்கில் பற்றீரியா இருக்கும். பக்கத்து மாடு வந்து மோந்து பார்க்கும், நக்கும், அதற்கும் தொற்றிவிடும். எங்கட ஊர்களில் மாடு கன்று போட்டதும் இளங்கொடியை ஓலைப் பையிலோ சாக்கிலோ கட்டி ஆலமரத்தில் தூக்குகிற வழக்கத்தை அம்மம்மா ஆக்கள் பால் சுரப்போடு சேர்த்துத்தான் சொல்லுவார்கள். மற்ற மாடுகள் அதை நக்காது என்பதை நாங்கள் இப்பதான் யோசித்தோம். தூக்குகிறவரின் கையைப் பற்றியும் யோசித்தோம்.

ஏனென்றால் இது மனிதருக்கும் வரும். பச்சைப் பாலில் வரும், வீசின கன்றை வெறுங்கையால் தூக்கினால் வரும், ஆய்வுகூடத்தில் காற்றில் பறந்தாலும் வரும். ஏறி இறங்குகிற காய்ச்சல், இரவில் உடுப்பு நனைகிற வியர்வை, மூட்டு நோ, மாதக்கணக்கில் அசதி. ஆளைக் கொல்வது அபூர்வம், ஆளை வேலைக்கு உதவாதவராக்குவது சாதாரணம். மருந்து உண்டு. ஆனால் ஒரு மருந்து போதாது, இரண்டைச் சேர்த்து ஆறு வாரமாவது எடுக்க வேண்டும். வழமையாக டொக்சிசைக்ளின், அதோடு ஸ்ட்ரெப்டோமைசின். அல்லது டொக்சிசைக்ளின், அதோடு ரிஃபாம்பிசின். இந்த இரண்டு மருந்துப் பெயர்களையும் ஞாபகம் வைத்திருங்கள். கதையின் நடுவில் இரண்டும் திரும்ப வரும்.

கதை மத்தியதரைக் கடலில் இருக்கிற மோல்டாத் தீவில் தொடங்குகிறது. அது அப்போது பிரித்தானியக் கடற்படையின் பெரிய தளம். அங்கே போகிற சிப்பாய்களுக்கு "மோல்டாக் காய்ச்சல்" என்று ஒன்று வரும். 1887இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர், இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் இருந்து அதற்குக் காரணமான பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். ஆய்வுகூட வேலையில் அவருக்குச் சரிபாதி துணையாக இருந்தவர் மனைவி மேரி எலிசபெத். ஆனால் கிருமி எங்கேயிருந்து வருகிறது என்பது அதற்குப் பிறகு பதினெட்டு வருசம் யாருக்கும் தெரியாது. 1905இல் அந்தத் தீவைச் சேர்ந்த வைத்தியர் தெமிஸ்டொக்ளிஸ் சமித், ஆராய்ச்சிக்காக எடுத்த ஆடுகளின் குருதியைச் சோதித்துப் பார்த்தார். ஆறு ஆடுகளில் ஐந்தின் குருதி அந்தக் கிருமியோடு எதிர்வினை காட்டியது. ஆடுகள் ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலிலேயே கறந்து கொடுக்கிற அதே ஆடுகள்.

1906இல் படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. நூற்றுக்கணக்கில் விழுந்துகொண்டிருந்த சிப்பாய்கள், அடுத்த வருசமே விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்தார்கள். மோல்டாச் சனங்களோ? அவர்கள் அதே பாலைத்தான் தொடர்ந்து குடித்தார்கள். தலைநகர் வலெட்டாவுக்குப் பாச்சர் முறையில் சூடாக்கிய பால் கட்டாயமானது 1938இல். இடையில் முப்பத்திரண்டு வருசம். கிருமியின் பேரினத்துக்குப் புரூஸின் பெயர் வைக்கப்பட்டது. சமித்தின் பெயர் எங்கள் பாடப்புத்தகம் எதிலும் இருந்ததாக எங்களுக்கு ஞாபகம் இல்லை. பிற்காலத்தில் அவர் அந்தத் தீவின் பழைய கற்கோயில்களைத் தோண்டியெடுத்த தொல்லியலாளராகவும் ஆனார். "யாருக்குப் பாதுகாப்பு?" என்கிற கேள்வி எங்களுக்கு முதன்முதலில் வந்த இடம் இந்த முப்பத்திரண்டு வருசம்தான். அதற்குப் பிறகு கதை முழுக்க அது எங்களை விடவில்லை.

இதற்கிடையில் டென்மார்க்கில் பேர்ன்ஹார்ட் பாங் என்ற கால்நடை வைத்தியர், கன்று வீசுகிற மாடுகளில் இருந்து 1897இல் வேறொரு பற்றீரியாவைக் கண்டுபிடித்திருந்தார். மோல்டா ஆட்டின் கிருமியும் டென்மார்க் மாட்டின் கிருமியும் நெருங்கிய சொந்தங்கள் என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்துச் சொன்னவர் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்த அலிஸ் எவன்ஸ், 1918இல். கலாநிதிப் பட்டம் இல்லாத ஒரு பெண், பச்சைப் பாலால் மனிதருக்கு நோய் வரலாம் என்று சொன்னதைப் பெரிய பெரிய ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. 1922இல் அவருக்கே ஆய்வுகூடத்தில் இந்த நோய் தொற்றியது. இருபது வருசத்துக்கு மேலாக வந்து வந்து போனது. இடையில், இது நரம்புத் தளர்ச்சி, உனக்கு உண்மையில் வருத்தம் ஒன்றும் இல்லை என்றுகூட அவருக்குச் சொல்லப்பட்டது. 1928இல் அமெரிக்கப் பற்றீரியவியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும். எங்களில் ஒருவர் பொறுப்பெடுத்திருக்கிறார், பார்ப்போம்.

பாலைச் சூடாக்கலாம், சரி. ஆனால் மாடு கன்று வீசுவதை எப்படி நிறுத்துவது? தடுப்பூசிதான் வழி. அங்கேதான் சிக்கல் தொடங்கியது. புரூசெல்லா ஒரு ஒளித்து விளையாடுகிற கிருமி. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய தின்குழியங்களுக்குள்ளேயே போய்க் குடியிருந்து பெருகும். குருதியில் சுற்றுகிற பிறபொருளெதிரிகள் வெளியே நின்று கதவைத் தட்டலாம், உள்ளே போக முடியாது. உடம்பு அந்த வீட்டையே அடையாளம் கண்டு உடைக்கப் பழக வேண்டும். கொல்லப்பட்ட பற்றீரியாவை ஊசியில் ஏற்றினால் அந்தப் பழக்கம் சரியாக வருவதில்லை. உயிருள்ள கிருமி அதே வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நாள் இருந்து, நோயைக் கொடுக்காமல் பாடத்தை மட்டும் கொடுத்துவிட்டுச் செத்துப்போக வேண்டும். நினைக்கச் சுகம்தான். நோய் கொடுக்காத அளவுக்குச் சோர்வாகவும், பாடம் கொடுக்கிற அளவுக்குத் தெம்பாகவும் இருக்கிற கிருமிக்கு எங்கே போவது? ஆரம்பத்தில் சிலர், சினைப்படாத மாடுகளுக்கு வீரியம் குறையாத கிருமியையே ஏற்றிப் பார்த்தார்கள். நோயை ஊசியால் பரப்புகிற வேலை அது என்று இப்போது சொல்வது எங்களுக்குச் சுலபம்.

விடை கிடைத்தது ஒரு தற்செயலால். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் ஜோன் பக் என்ற கால்நடை ஆய்வாளர் 1923இல் ஒரு ஜேர்சி மாட்டின் பாலில் இருந்து ஒரு புரூசெல்லாவைப் பிரித்தெடுத்தார். அப்போது அது வீரியமான கிருமிதான். அந்த வளர்ப்புக் குப்பி குளிரில் வைக்கப்படாமல், ஒரு வருசத்துக்கு மேல் அறை வெப்பநிலையில் அப்படியே இருந்தது. பிறகு எடுத்துச் சோதித்துப் பார்த்தால் அதன் வீரியம் குறைந்திருந்தது, ஆனால் கன்றுகளுக்குப் போட்டால் பாதுகாப்புக் கொடுத்தது. 1930இல் பக் முடிவுகளை வெளியிட்டார். அதற்குப் பெயர் ஸ்ட்ரெயின் 19. பெனிசிலின் கதையைப் பள்ளிக்கூடத்தில் பூஞ்சணம் பிடித்த தட்டோடு சேர்த்துச் சொல்லித் தந்தார்கள். இந்தக் குப்பியைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. மாட்டுக்குத்தானே என்று விட்டிருப்பார்கள் போல.

அந்தக் குப்பிக்குள் என்ன நடந்தது என்பது பிறகு துண்டு துண்டாகத்தான் விளங்கியது. 1962இல் பிரித்தானியாவில் ஹரி ஸ்மித்தும் கூட்டாளிகளும் ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார்கள். மாடு, செம்மறி, ஆடு, பன்றி ஆகியவற்றின் கருப்பைக்குள் குட்டியைச் சுற்றியிருக்கிற பகுதிகளில் எரித்ரிட்டோல் என்ற ஒரு சர்க்கரை வகை நிறைய இருக்கிறது. புரூசெல்லாவுக்கு அது விருந்து. கிருமி ஏன் இளங்கொடியைத் தேடிப்போய்க் குவிகிறது என்பதற்கு அது ஒரு பெரிய காரணம். ஸ்ட்ரெயின் 19க்கோ அந்த விருந்து நஞ்சு. எரித்ரிட்டோல் இருந்தால் அது வளராமல் தடைப்படும். 1994இல் ஸ்பானிய ஆய்வாளர்கள், அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் பரம்பரையலகுகளில் 702 எழுத்துகள் ஸ்ட்ரெயின் 19இல் இல்லை என்று காட்டினார்கள். வீரியம் குறைந்ததற்கு இது ஒன்றே காரணம் இல்லை என்பதும் தெரியவந்தது. மனிதர் யாரும் திட்டமிட்டு வெட்டாத அந்தத் துண்டு தொலைந்த கிருமியைத்தான் உலகம் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தடுப்பூசி என்று போட்டுக்கொண்டிருந்தது.

1934இல் அமெரிக்காவில் கடும் வரட்சி. தீனி இல்லாமல் மாடுகளைக் குறைக்க வேண்டிய நேரத்தில், நோயுள்ள மாடுகளைச் சோதித்துக் கொல்லுகிற திட்டம் தொடங்கியது. 1940களின் தொடக்கத்தில் நாகு கன்றுகளுக்கு ஸ்ட்ரெயின் 19 போடுவதும் அதோடு சேர்ந்தது. இரண்டு கையும் சேர்ந்துதான் நோயைத் தள்ளியது. ஆனால் இரண்டு கையும் ஒன்றையொன்று இடித்தும் கொண்டன. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பிறகு வருகிற எல்லாமே இதில்தான் தங்கியிருக்கிறது.

புரூசெல்லாவின் வெளிச்சுவரில் மயிர் மாதிரி நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஓ சங்கிலி என்று சொல்லுவார்கள். அது இருக்கிற கிருமி வளர்ப்புத் தட்டில் மழமழப்பான கூட்டமாகத் தெரியும். இல்லாதது சொரசொரப்பாகத் தெரியும். தொற்று வந்த மாட்டின் உடம்பு முக்கியமாக இந்தச் சங்கிலிக்கு எதிராகத்தான் பிறபொருளெதிரிகளைச் செய்யும். ரோஸ் பெங்கால் என்ற இளஞ்சிவப்புச் சாயம் பூசிய கிருமியோடு ஒரு துளி குருதிநீரைக் கலந்து, திரண்டால் நோய், திரளாவிட்டால் நோயில்லை என்று சொல்கிற சோதனை இந்தப் பிறபொருளெதிரிகளைத்தான் தேடுகிறது. ஸ்ட்ரெயின் 19 மழமழப்பு வகை. அதைப் போட்ட மாட்டின் குருதியும் திரளும். இப்போது அந்த மாட்டுக்கு வருத்தமா, தடுப்பூசியா? திட்டமோ, திரண்டால் கொல்லு என்கிறது. ஒரு விவசாயி நல்ல பிள்ளையாகத் தடுப்பூசி போட்ட குற்றத்துக்கு மாட்டை இழக்கலாம். கொல்லாமல் விட்டால் உண்மையான நோயாளி மாடு மந்தைக்குள் நிற்கலாம். இதற்குக் கண்ட வழி, சின்ன நாகு கன்றுகளுக்கு மட்டும் போடுவது. வளர்ந்து வருவதற்குள் பிறபொருளெதிரி பெரும்பாலும் வடிந்துவிடும். சினைப்பட்ட மாட்டுக்குப் போட்டால் அந்தத் தடுப்பூசியாலேயே கன்று வீசலாம் என்கிற ஆபத்துக்கும் அதுவே பதில்.

இன்னொரு ஆபத்துக்குப் பதில் இருக்கவில்லை. துள்ளுகிற கன்றைப் பிடித்து ஊசி போடுகிறவரின் கையில் ஊசி ஏறும். கண்ணில் தெறிக்கும். ஸ்ட்ரெயின் 19ஆல் மனிதருக்கு நோய் வந்ததை மினசோட்டாவைச் சேர்ந்த வைத்தியர் வெஸ்லி ஸ்பிங்க் 1953இல் பதிவு செய்தார். மாட்டுக்குச் சோர்வான கிருமி மனிதருக்கும் சோர்வாக இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

மாட்டுக் கிருமிக்கு ஒரு வழி கிடைத்தாலும், மோல்டாவின் ஆட்டுக் கிருமிக்கு ஒன்றும் இருக்கவில்லை. மனிதருக்கு வருகிறதில் அதுதான் மோசமானது. அதைக் கையிலெடுத்தவர் கலிபோர்னியாவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த சன்ஃபோர்ட் எல்பேர்க். இங்கே தற்செயல் இல்லை, விடாப்பிடியான வேலை. 1940களில் வந்த ஸ்ட்ரெப்டோமைசினைக் கிருமியோடு சேர்த்து வளர்த்து, அந்த மருந்து இல்லாவிட்டால் வாழவே முடியாத ஒரு விகாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கிருமியைக் கொல்ல வேண்டிய மருந்துக்கு அடிமையாகிப்போன கிருமி. ஆனால் ஆட்டின் உடம்புக்குள் மருந்து இல்லாததால் அது ஒன்றுமே செய்யாமல் செத்தது, பாடமும் கொடுக்கவில்லை. ஆகவே அதிலிருந்து, மருந்து இல்லாமலும் வாழத் திரும்பிய ஒன்றைத் தேடிப் பிடித்தார்கள். 1957இல் எல்பேர்க்கும் ஃபோன்ஸும் வெளியிட்ட அந்தக் கிருமியின் பெயர் ரெவ்.1. "திரும்பியது" என்பதைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது.

ஆட்டிலும் செம்மறியிலும் அது நன்றாக வேலை செய்தது. இன்றுவரைக்கும் அவற்றுக்கு அதைவிட நல்லது வரவில்லை என்பது பொதுவான கருத்து. ஆனால் சினை ஆட்டுக்குப் போட்டால் குட்டி வீசலாம், பாலிலும் கிருமி வரலாம். மழமழப்பு வகை என்பதால் குருதிச் சோதனையையும் குழப்பும். மனிதருக்குப் போடலாமா என்றும் பார்த்தார்கள். 1962இல் ஸ்பிங்க் குழுவினர் வெளியிட்ட பாதுகாப்புப் பரிசோதனையில் ரெவ்.1 ஏற்றப்பட்ட தொண்டர்களில் பலர் நோயில் விழுந்தார்கள். அந்தக் கதவு அதோடு மூடியது. சோவியத் ஒன்றியம் மட்டும் ஸ்ட்ரெயின் 19இன் ஒரு பிரிவை மனிதருக்கும் பெருமளவில் போட்டுக்கொண்டிருந்தது.

ரெவ்.1இன் இன்னொரு இயல்புதான் எங்களைத் திடுக்கிட வைத்தது. அது ஸ்ட்ரெப்டோமைசினுக்கு மடங்காது. எப்படி மடங்கும், அதிலேயே குளித்து வளர்ந்ததுதானே. ஆகவே ரெவ்.1 ஊசி தவறிக் கையில் ஏறிய கால்நடை வைத்தியருக்கு நோய் வந்தால், அந்த நோய்க்குரிய நல்ல மருந்துகளில் ஒன்று அவருக்கு உதவாது. தடுப்பூசியைச் செய்த உளியின் தழும்பு தடுப்பூசியிலேயே இருக்கிறது.

இத்தனை குறையோடும் அதைத் தூக்கிப் போட முடியாது என்பதற்குக் கிரேக்கம் சாட்சி. 1970களில் இருந்து அங்கே செம்மறி ஆடுகளுக்கு ரெவ்.1 போட்டுவந்தார்கள், நோய் இறங்கியது. 1994இல் தடுப்பூசியை நிறுத்தி, சோதித்துக் கொல்லுகிற முறைக்கு மட்டும் மாறினார்கள். மந்தையிலும் மனிதரிலும் நோய் திரும்ப ஏறியது. 1998இல் மறுபடி ரெவ்.1 போடத் தொடங்கினார்கள். எங்கள் விவாதத்தில் "இந்த மாதிரி ஆபத்தான சாமானை ஏன் இன்னும் வைத்திருக்கினம்?" என்று ஆவேசமாகக் கேட்டவர் இந்தப் பகுதியை வாசித்த பிறகு கொஞ்சம் அடங்கினார். முற்றாக அடங்கவில்லை, சொல்ல வேண்டும்.

அந்தக் கிருமியையே மாற்றாமல் போடுகிற விதத்தை மாற்றியவர்களும் உண்டு. பிரான்சில் 1980களில் ஃபென்ஸ்டர்பாங்கும் கூட்டாளிகளும், ரெவ்.1ஐத் தோலின் கீழ் ஏற்றாமல் கண்ணில் ஒரு சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். பாதுகாப்பு அப்படியே இருந்தது, குழப்புகிற பிறபொருளெதிரிகள் குறைவாக வந்து சீக்கிரம் வடிந்தன. ஊசியும் இல்லை. எங்களுக்கு இந்த முழுக் கதையிலும் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். புதுப் பரம்பரையலகு ஒன்றும் வெட்டவில்லை, ஒரு சொட்டு விடுகிற இடத்தை மாற்றினார்கள்.

சோதனையைக் குழப்பாத தடுப்பூசி வேண்டும் என்றால், சோதனை தேடுகிற சங்கிலியே இல்லாத கிருமி வேண்டும். அதாவது சொரசொரப்பு வகை. பிரித்தானியாவில் 1938இல் மக்யூவனும் பிரீஸ்ட்லியும் கினிப்பன்றிகளில் இருபது தடவை ஏற்றி எடுத்த 45/20 என்ற வகை அப்படி ஒன்றுதான். ஆனால் அது நம்பிக்கைக்குரியதாக இல்லை. மாட்டுக்குள் போனதும் சில வேளை திரும்பவும் மழமழப்பாகி வீரியத்தோடு எழும்பும். அதைக் கொன்றுதான் பயன்படுத்த வேண்டி வந்தது.

நாற்பது வருசத்துக்கும் மேல் கழித்து, வேர்ஜினியாவில் கேர்ஹார்ட் ஷூரிக் என்பவரின் குழு மறுபடி அதைக் கையிலெடுத்தது. வீரியமான மாட்டுக் கிருமி ஒன்றை ரிஃபாம்பிசினும் பெனிசிலினும் கலந்த ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து, சங்கிலி இல்லாத, திரும்பவும் மழமழப்பாகாத ஒன்றை எடுத்தார்கள். 1991இல் வெளிவந்த அதன் பெயர் ஆர்பி51. 1996இல் அமெரிக்கா ஸ்ட்ரெயின் 19ஐ விட்டுவிட்டு அதற்கு மாறியது. போட்ட மாட்டின் குருதி வழமையான சோதனையில் திரளாது. திரண்டால் அது உண்மை நோய்தான். அரை நூற்றாண்டுத் தலையிடி தீர்ந்தது.

அது எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை. சங்கிலி இல்லாத கிருமி கொடுக்கிற பாடம் குறைந்தது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஸ்பானியாவில் நவாரா பல்கலைக்கழகத்தின் இக்னாசியோ மொரியோனும் கூட்டாளிகளும் 2004இல் எழுதிய நீண்ட மதிப்பாய்வு அதில் முக்கியமானது. நாங்கள் அந்தச் சண்டைக்குள் போகவில்லை. எங்களை இழுத்தது வேறொன்று.

2017இல் டெக்சாஸில் ஒரு பெண் காய்ச்சலோடு வைத்தியசாலைக்கு வந்தார். அவருடைய குருதியில் வளர்ந்த கிருமி ஆர்பி51. அவர் ஊசி போடுகிறவர் இல்லை, பண்ணைக்காரரும் இல்லை. பச்சைப் பால் வாங்கிக் குடித்தவர். தடுப்பூசி போட்ட மாட்டில் அந்தக் கிருமி தங்கி, மடி வழியாகப் பாலில் வந்திருக்கிறது. அதே வருசம் நியூஜேர்சியில் ஒருவர், 2018இல் நியூயோர்க்கில் இன்னொருவர். நியூயோர்க் நோயாளியின் தொற்று பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையின் பாலோடு பொருந்தியது. 19 மாநிலங்களில் ஆக்கள் அந்தப் பாலை வாங்கியிருக்கிறார்கள் என்று 2019இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் அறிவித்தது.

இப்போது முன்னால் சொன்ன இரண்டு விசயத்தையும் சேர்த்துப் பாருங்கள். பச்சைப் பால் குடித்தவருக்குக் காய்ச்சல். வைத்தியருக்குச் சந்தேகம் வருகிறது, புரூசெல்லாவுக்குக் குருதிநீர்ச் சோதனை செய்கிறார். ஒன்றும் இல்லை என்று வருகிறது. ஏனென்றால் மனிதருக்கான வழமையான சோதனையும் அந்த ஓ சங்கிலிக்கு எதிரான பிறபொருளெதிரிகளைத்தான் தேடுகிறது, ஆர்பி51இல் சங்கிலி இல்லை. குருதியை வளர்ப்பு ஊடகத்தில் வைத்துக் கிருமியையே வளர்த்தால்தான் பிடிபடும். அப்படிப் பிடிபட்டாலும் ரிஃபாம்பிசின் வேலை செய்யாது, ஏனென்றால் அதில்தான் இது வளர்க்கப்பட்டது. மாட்டுச் சோதனைக்காரருக்கு ஆர்பி51ஐ நல்லதாக்கிய அதே குணம், மனித நோயாளியை வைத்தியரின் கண்ணுக்கு மறைத்துவிட்டது. ரெவ்.1 ஸ்ட்ரெப்டோமைசினை எடுத்துக்கொண்டது, ஆர்பி51 ரிஃபாம்பிசினை எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் ஞாபகம் வைக்கச் சொன்ன இரண்டும் இவைதான்.

எங்கட சண்டை இங்கேதான் சூடானது. ஒரு பக்கம், பிழை தடுப்பூசியில் இல்லை, பாலைக் காய்ச்சாமல் குடித்தவரில்தான் என்றது. தொகையைப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. தடுப்பூசி போடாத, நோயுள்ள மாட்டின் பச்சைப் பாலோடு ஒப்பிட்டால் இது சின்ன ஆபத்து. மறுபக்கம், மாட்டுத் தடுப்பூசியை உருவாக்கியபோது மனிதருக்கு வைத்தியம் செய்கிறவரை யாராவது அறைக்குள் கூப்பிட்டிருந்தால், வேறு மருந்தில் வளர்த்திருக்கலாமே என்றது. நாங்கள், பெரும்பான்மையாக, இரண்டாவது பக்கம் நிற்கிறோம். ஆனால் 1980களில் அந்த ஆய்வுகூடத்தில் நின்றவர்களைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. அவர்கள் முன்னால் இருந்த கேள்வி, குருதி திரளக்கூடாது என்பது மட்டும்தான். அந்தக் கேள்விக்கு அவர்கள் சரியான பதில் கண்டார்கள்.

கேள்விக்குள் வராதவர்களில் தடுப்பூசி ஆலையின் அயலவரும் உண்டு. 2019 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் சீனாவின் லான்ஜோவில், கால்நடைகளுக்கான புரூசெல்லாத் தடுப்பூசி செய்கிற ஆலை ஒன்று காலாவதியான கிருமிநீக்கியைப் பயன்படுத்தியது. கழிவுக் காற்றில் கிருமி உயிரோடு வெளியேறிக் காற்றுப்போக்கில் பரவியது. 2020 செப்டெம்பரில் நகரச் சுகாதார அதிகாரிகள் சொன்ன கணக்குப்படி, சோதித்த 21,847 பேரில் 3,245 பேரிடம் தொற்றின் அடையாளம் இருந்தது. பிறகு அந்தத் தொகை இன்னும் ஏறியது. அவர்களில் பெரும்பாலானோர் வாழ்க்கையில் ஒரு ஆட்டைக் கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது நடக்கிற ஆராய்ச்சிகளை வாசிக்கும்போது, பழைய தழும்புகளை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள் என்பது தெரிகிறது. கிருமியை மருந்தில் குளிப்பாட்டி என்ன வருகிறது என்று பார்ப்பதை விட்டு, குறித்த ஒரு பரம்பரையலகை மட்டும் வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் மருந்தெதிர்ப்பு அடையாளம் எதையும் மிச்சம் வைக்காமல் விடப் பார்க்கிறார்கள். டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஆட்டுக் கிருமியில் விஜேபிஆர் என்ற கட்டுப்பாட்டுப் பரம்பரையலகை வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். கொஸ்டாரிக்காவில் ஒரு குழு 2011இல் எதிர்ப்பக்கமாக யோசித்தது. சங்கிலியை எடுக்காமல், பழைய ஸ்ட்ரெயின் 19க்குள் ஜெலிமீனின் பச்சை ஒளிப் புரதத்தைச் செய்கிற பரம்பரையலகைச் சேர்த்தார்கள். தடுப்பூசி போட்ட மாட்டின் குருதியில் ஜெலிமீன் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியும் இருக்கும். நோயால் வந்த மாட்டில் அது இருக்காது. பாடம் குறையாமல் அடையாளம் மட்டும் வைக்கிற வேலை. மாடு தன் வாழ்நாளில் ஜெலிமீனைச் சந்திக்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில் நிற்கிற தடுப்பூசி என்று தோழி சிரித்தாள். 2016இல், ஆடு செம்மறிகளுக்குச் சினைக்காலத்திலும் பாதுகாப்பான புதுத் தடுப்பூசியைக் கண்டுபிடிப்பவர்களுக்கு 3 கோடி டொலர் பரிசுத்திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது.

களத்தில் நிற்பது இன்னும் பழையவைதான். 2019 செப்டெம்பரில் இந்தியா தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், தமிழ்நாடு உட்பட நாடு முழுக்க, வருசத்துக்கு 3.6 கோடிப் பெண் கன்றுகளுக்குப் புரூசெல்லாத் தடுப்பூசி போடுவதை இலக்காக வைத்தது. பசுக் கன்றும் எருமைக் கன்றும் சேர்த்து, நாலு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடையில், வாழ்நாளில் ஒரு தடவை. இலங்கையிலும் இந்த நோய் மாடுகளில் இருக்கிறது, எங்கட தோழி படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போது அதைச் சந்திப்பாள். இந்தியாவில் அந்தக் கன்றுகளுக்குப் போடுவது ஸ்ட்ரெயின் 19, ஜோன் பக் குளிரில் வைக்காமல் விட்ட அதே குப்பியின் சந்ததி. போடுகிறவர் கையுறையும் கண் கவசமும் போட வேண்டும் என்று அறிவுறுத்தல் இருக்கிறது. நாங்கள் பார்த்த தடுப்பூசி முகாம் படங்கள் பலதில், கன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற விவசாயியின் கை வெறுங்கையாகவே இருந்தது.